மீனின் தலை எந்தப் பக்கம்?

என் வண்டி தெருமுனை திரும்பும்போதே எங்கள் வீட்டில் டி.வி. அணைந்துவிடும். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளின் கையிலிருந்து செல்போன் மறைந்து, அதே இடத்தில் சமூக அறிவியல் புத்தகம் முளைக்கும். சர்க்கரை நோயுள்ள அம்மா, மைசூர்பாகு டப்பாவை மூடி அரிசிப் பானைக்குப் பின்னால் தள்ளுவார். மனைவி காபிக்குப் பாலை அடுப்பில் வைப்பாள். இத்தனை ஒழுங்கும் குடும்பத் தலைவன் மீதுள்ள மரியாதையால் நடக்கிறது என்று இரண்டு வருடம் நம்பியிருந்தேன். வண்டியின் செயின் சத்தத்தால்தான் நடந்தது என்பது பிற்பாடு தெரிந்தது.

அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவருவது கடினம். எண்ணெய் காணாத தையல் மிஷினும், தகர டப்பாவில் போட்டுக் குலுக்கிய புளியங்கொட்டையும் சண்டை போட்டுக்கொண்டால் எப்படியிருக்குமோ அப்படி. செயின் தளர்ந்து தொங்கிப்போய், ஓடும்போது துள்ளித் துள்ளிச் செயின் கவரில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டால் சத்தம் பாதியாகக் குறைந்துவிடும். சட்டத்தையும் மதித்த மாதிரி ஆயிற்று.

நான் கோயமுத்தூர்க்காரன். இதை இந்தக் கட்டுரையில் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஊருக்கென்று ஒரு பெயர் இருக்கிறதல்லவா? கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கமெல்லாம் வீட்டு முன்னறையில் லேத் ஓடும். குடும்பம் பின்னறையில் ஒண்டிக்கொள்ளும். பம்ப்செட், மோட்டார், கிரைண்டர் என்று செய்து ஊர் ஊராக அனுப்புகிற ஊர். ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துச் சேர்த்த காசில், ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பூட்டியே மெக்கானிக் ஆன ஜி.டி. நாயுடுவின் ஊர். அவ்வளவு தூரம் போவானேன், என் அப்பாவே டர்னர். கடைந்து முடித்த உருளையைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, "இன்னொரு முடியளவு எடுக்கோணும்" என்பார். அளந்து பார்த்தால் சரியாக இருக்கும். அப்பேர்ப்பட்டவரின் மகன் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வேலையில் என் கை கறுப்பது பேனா கசியும் நாளில் மட்டும்தான்.

சென்ற சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், சத்தி ரோட்டில் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது 'டப்' என்றது. ஆக்சிலேட்டரைத் திருகினால் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. திரும்பிப் பார்த்தால் பத்தடி பின்னால் செயின் சாரைப்பாம்பு மாதிரி ரோட்டில் நீட்டிப் படுத்திருக்கிறது. வேகமாகப் போயிருந்தால் பின்சக்கரத்தில் சிக்கிச் சக்கரம் அப்படியே நின்றிருக்கும், நானும் அதன் பக்கத்தில் நீட்டிப் படுத்திருப்பேன். நான் எப்போதும் முப்பதில் போகிறவன். பயந்தாங்கொள்ளித்தனத்துக்கும் சில பலன்கள் உண்டு.

லாரி இரைச்சலில் மனைவிக்குப் போன் செய்து உரக்கக் கத்தினேன். "செயின் அறுந்துபோச்சு! சத்தி ரோட்ல! இப்பத்தான்!" இரண்டு நிமிடத்தில் என்னைச் சுற்றிப் பத்துப் பேர். "எத்தன பவுனுங்க?" என்றார் ஒருவர். "ரெண்டு பேரு பைக்ல வந்தானுங்களா?" என்றார் இன்னொருவர். மூன்றாமவர், எதிரே இருந்த பேக்கரியில் கேமரா இருக்கிறது, முகம் பதிவாகியிருக்கும் என்று சொல்லிவிட்டு அங்கே ஓடவும் தொடங்கிவிட்டார். என் கழுத்தில் கிடந்தது அலுவலக அடையாள அட்டை ஒன்றுதான். ரோட்டில் கிடந்ததைச் சுட்டிக் காட்டினேன். கூட்டத்தின் முகத்தில் அப்படியொரு ஏமாற்றம். "இதுக்குங்களா இந்தக் கத்து கத்துனீங்க?" என்று பவுன் கேட்டவர் மிகவும் வருத்தப்பட்டார். வீட்டிலும் அதே குழப்பம்தான். அம்மா தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே வாசலில் நின்றிருந்தாராம்.

செயினை டிபன் பையில் சுருட்டிப் போட்டுக்கொண்டு, வண்டியைத் தள்ளியபடி எங்கள் தெரு மெக்கானிக்கிடம் போனேன். இருபத்தைந்து வயதுத் தம்பி. செயினை வாங்கிக் குறுக்குவாட்டில் இரு கையாலும் நீட்டிப் பிடித்தான். புதுச் செயின் அப்படிப் பிடித்தால் விறைப்பாக நிற்கவேண்டுமாம். என்னுடையது வானவில் மாதிரி வளைந்து தொங்கியது.

"லாக் கிளிப்பு தெறிச்சிருச்சுங்ணா. கடைசியா எப்ப ஆயில் விட்டீங்க?"

எஞ்சினுக்கா என்று கேட்டேன்.

அவன் ஒன்றும் சொல்லாமல் டார்ச் அடித்துப் பின்னாலிருந்த பெரிய ஸ்ப்ராக்கெட்டைக் காட்டினான். பல்லெல்லாம் ஒரு பக்கமாகத் தேய்ந்து, கூராகி, கொக்கி மாதிரி சாய்ந்திருந்தது. "செயினு, ஸ்ப்ராக்கெட்டுன்னு முழு கிட்டையும் மாத்தோணுங்ணா. ஆயிரத்து நூத்தம்பது ஆகும். கூலி முந்நூறு." வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னான், நாளை மதியத்துக்குள் கொடுத்துவிடுவானாம்.

ஆயிரத்து நூற்றைம்பது என்னை ஒன்றும் செய்யவில்லை. முந்நூறுதான் உறைத்தது. நாலு நட்டைக் கழற்றி மாட்ட முந்நூறா? அதுவும் ஒரு டர்னர் மகனிடம்? "நானே மாத்திக்கறேன் தம்பி" என்று சொல்லிவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பேன்.

ராத்திரி கூடத்தில் செயினை நீட்டிப் போட்டு ஆராய்ச்சி தொடங்கியது. நாம் தினமும் ஏறி உட்காருகிற இந்த உருளைச் செயினுக்கு வயது கிட்டத்தட்ட நூற்றைம்பது. ஸ்விட்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட் 1880-ல் கொண்டுவந்த அமைப்பு, இன்றுவரை பெரிதாக மாறவில்லை. இரண்டு தகடு, நடுவே ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ், அதன்மேல் சுழலும் ஒரு உருளை. செயின் நீண்டுபோச்சு என்று நாம் சொல்கிறோமே, உண்மையில் தகடு ஒன்றும் நீளுவதில்லை. எண்ணெய் இல்லாமல் பின்னும் புஷ்ஷும் உரசித் தேய்கின்றன. ஒவ்வொரு கண்ணியிலும் முடியளவு இடைவெளிதான். என் வண்டிக்கு 112 கண்ணி. 112 முடி சேர்ந்தால் ஒரு குடுமியே ஆகிவிடும்.

தேய்மானத்தை அளக்கவும் முடியும். சின்ன வண்டிகளுக்கு வரும் 428 நம்பர் செயினில், முதல் எண்ணான 4 என்பது அங்குலத்தில் எட்டில் நாலு பங்கு. அதாவது ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். அப்படி 20 கண்ணியை இழுத்துப் பிடித்து அளந்தால் புதிதில் 254 மில்லிமீட்டர் இருக்கும். 259-ஐத் தொட்டால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். மனைவி ஜாக்கெட் அளவெடுக்கும் இஞ்சி டேப்பை எடுத்து அளந்தேன். 262. டேப்பில் அந்த இடத்தில் ஒரு கறுப்புக் கோடு நிரந்தரமாக விழுந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தைத்த எல்லாவற்றிலும் 262 மில்லிமீட்டரில் ஒரு குழப்பம் இருக்கிறது என்று குற்றச்சாட்டு.

செயினை மட்டும் மாற்றிப் பல்சக்கரங்களை அப்படியே விட்டால் நாலு காசு மிச்சமாகுமே என்றும் யோசித்தேன். கூடாதாம். தேய்ந்த பல்லில் புதுச் செயின் சரியாக உட்காராமல் அதுவும் சீக்கிரமே தேய்ந்துவிடும். வீட்டுக்கு வந்த புது மருமகளுக்கு ஆறே மாதத்தில் அந்த வீட்டுக் குணம் ஒட்டிக்கொள்கிற மாதிரி. (இந்த உவமையை மனைவி படிப்பதற்குள் எடுத்துவிட உத்தேசம்.)

சனிக்கிழமை காந்திபுரத்தில் ஒரு ஸ்பேர்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் அடுக்கிக்கொண்டே போனார். என்ன மாடல், எந்த வருஷம், செல்ஃபா கிக்கரா, ஸ்போக்கா அலாயா, முன்னால எத்தனை பல், பின்னால எத்தனை பல்? இத்தனைக்கும் என்னிடமிருந்த ஒரே பதில், "கறுப்புக் கலருங்க." பின்னால் நின்ற ஒரு மெக்கானிக் பையன் இருமினான். கடைசியில் ஆர்.சி. புத்தகத்தைப் போட்டோ பிடித்து அனுப்பச் சொல்லி வீட்டுக்குப் போன் செய்ததில் விஷயம் முடிந்தது. முன்னால் 14 பல், பின்னால் 42. அதாவது முன் பல்சக்கரம் மூன்று சுற்று சுற்றினால் பின் பல்சக்கரம் ஒன்று. எங்கள் வீட்டில் நான் மூன்று முறை சொன்னால் ஒரு வேலை நடப்பதும் இதே கணக்குத்தான்.

கடையில் எனக்கு ஒரு பெருமையும் கிடைத்தது. ரோலான் செயின் எங்கள் கோவையிலேயே தயாராகிறது. அதோடு போட்டி போடும் டைமண்ட் செயின் சென்னை அம்பத்தூர். நாட்டில் எங்கோ ஒரு மூலையில் ஒருவர் செயின் மாட்டினால், அது எங்கள் ஊரில் செய்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதை மாட்டத் தெரியாத ஆளும் எங்கள் ஊரிலேயே இருக்க வாய்ப்பு உண்டு என்பது மறுநாள் நிரூபணமாயிற்று.

ஞாயிறு காலை ஏழு மணி. வாசலில் செய்தித்தாள் விரித்து, வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு, பரணிலிருந்து அப்பாவின் டூல்ஸ் பெட்டியை இறக்கினேன். அவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. ஒவ்வொரு ஸ்பேனரையும் எண்ணெயில் தோய்த்த துணியில் சுற்றி வைத்திருந்தார். ஒரு பொட்டுத் துரு இல்லை. 6-7, 8-9, 10-11 என்று வரிசையாக வந்தது. 18-19 மட்டும் இல்லை. அது நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது மாங்காய் அடிக்க எறிந்தது. பின்சக்கர ஆக்ஸில் நட்டுக்குத் தேவைப்பட்டது சரியாக 19.

பக்கத்து வீட்டுப் பெரியவர் பம்ப் கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏற்கெனவே காம்பவுண்டுச் சுவரில் இரு கையையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தார். கேட்டதும் ஸ்பேனரைக் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு ஒரு நாற்காலியும் கொண்டுவந்து போட்டுக்கொண்டார்.

வலப்பக்கம் திருகினால் இறுகும், இடப்பக்கம் திருகினால் தளரும். இது சின்ன வயதிலிருந்தே தெரியும். நட்டுக்கு எதிரே நின்று பார்த்தா, அல்லது சீட்டுப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தா என்பதில்தான் சந்தேகம். பத்து நிமிடம் மல்லுக்கட்டினேன். ஸ்பேனர்மேல் ஏறி நின்றேன். பெரியவர் மெதுவாகக் கேட்டார். "ஏங்கண்ணு, இருக்கறது பத்தாதா? இன்னும் எதுக்கு முறுக்கற?"

இறுக்கிய பாவத்துக்குத் தளர்த்த இருபது நிமிடம் ஆனது. சக்கரத்தை உருவி, பெரிய ஸ்ப்ராக்கெட்டின் நாலு நட்டையும் கழற்றி, புதியதைப் பூட்டினேன். அது ஓரளவு ஒழுங்காகவே நடந்தது, அதனால் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்தது முன்னால் இருக்கும் சின்ன ஸ்ப்ராக்கெட். அதைப் பிடித்திருக்கும் தகட்டுக்கு இரண்டே போல்ட்டு, 10 நம்பர். ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் போல்ட்டோடு சேர்ந்து ஸ்ப்ராக்கெட்டும் சுற்றுகிறது. நானும் சுற்றுகிறேன். திருப்புளியை முட்டுக் கொடுத்தேன், அது வழுக்கி என் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. துணியைத் திணித்தேன், துணியும் சுற்றியது. அரைமணி நேரம் இந்த ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"கியரு."

முதல் கியரில் போட்டேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. இரண்டு போல்ட்டும் அரை நிமிடத்தில் கையோடு வந்தன.

இங்கே துணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கிரீஸ் வேலை செய்பவனுக்கு முதலில் வேண்டியது பழைய துணி. ஆனால் நடுத்தரக் குடும்பத்தில் பழைய துணி என்று ஒன்று கிடையவே கிடையாது. வாசலிலிருந்து குரல் கொடுத்தேன். என் பனியன் ஒன்றை மனைவி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அந்தப் பக்கம் நின்ற மகள் முழுசாகத் தெரிந்தாள். "வீட்டுக்குள்ளாற போட்டுக்கலாமுங்க" என்று மடித்து உள்ளே வைத்துவிட்டாள். அம்மாவின் கிழிந்த சேலை தலையணை உறைக்கு, உறை கிழிந்தால் மிதியடிக்கு, மிதியடி கிழிந்தால் தரை துடைக்க என்று எல்லாவற்றுக்கும் முன்பதிவு ஆகியிருந்தது. கையை நீட்டி எட்டியதை எடுத்தேன். அது சமையலறைக் கரித்துணி. துடைத்ததும் நல்ல பிள்ளையாக எடுத்த இடத்திலேயே வைத்தும்விட்டேன். அன்று ராத்திரி சாம்பார் இறக்கிய அம்மாவின் இரண்டு உள்ளங்கையும் அமாவாசை.

சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது அடுத்த சங்கடம். வண்டியைப் பிரித்து மாட்டுகிறவர்களுக்குக் கடைசியில் ஏதாவது மிஞ்சும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்குக் குறைந்தது. ஆக்ஸிலில் சக்கரத்துக்குப் பக்கத்தில் வரும் குழல் மாதிரியான ஸ்பேசரைக் காணோம். அது இல்லாமல் பூட்டினால் சக்கரம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். செய்தித்தாளை உதறினேன், செருப்பு ஸ்டாண்டைக் கவிழ்த்தேன். பெரியவர் தன் சட்டைப் பையைத் தானே சோதனை போட்டுக் காட்டினார். ஒரு மணி நேரம் கழித்து மொட்டைமாடியில் அகப்பட்டது. அம்மா வடகம் பிழிந்து காயப்போட்டிருந்தார். துணி காற்றில் பறக்காமல் இருக்க மூன்று மூலைக்குக் கல், நாலாவது மூலைக்கு என் ஸ்பேசர். "வாசல்ல சும்மாதான சாமி கெடந்துச்சு?" என்றார். அந்த மூலைக்குக் கல் தேடிக் கொடுத்துவிட்டுத்தான் கீழே வர முடிந்தது.

இனிமேல்தான் மீன்.

செயினின் இரு முனையையும் இணைக்கும் கண்ணிக்குப் பெயர் லாக். இரண்டு பின் உள்ள ஒரு தகட்டைப் பின்னாலிருந்து செருகி, முன்னால் இன்னொரு தகட்டை மாட்டி, அது கழன்றுவிடாமல் ஒரு கிளிப்பைத் தள்ளிவிட வேண்டும். இரு முனையையும் பெரிய ஸ்ப்ராக்கெட்டின் பல்லிலேயே உட்காரவைத்து இணைத்தால் நழுவாது என்று பெரியவர் சொல்லிக்கொடுத்தார். விரல் நகத்தளவு கிளிப். ஒரு முனை மூடி உருண்டையாக இருக்கும், மறுமுனை பிளந்திருக்கும். பார்க்க மீன் மாதிரியே இருக்கும், தலையும் வாலுமாக. தலை, செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். பிளந்த வால் முன்னால் இருந்தால் ஏதாவது உரசும்போது கிளிப்பு கழன்று தெறித்துவிடும்.

செயின் எந்தத் திசையில் ஓடுகிறது? வண்டி முன்னால் போகிறது, ஆகவே முன்பக்கம் என்றேன் நான். மேலே ஓடும் செயின் முன்னால் போகிறது, கீழே ஓடுவது பின்னால் போகிறது, நீ மாட்டுகிற இடம் எது என்றார் பெரியவர். நான் மாட்டுகிற இடம் இரண்டுமில்லை, ஸ்ப்ராக்கெட்டின் பின் விளிம்பு. அங்கே முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. வாக்குவாதம் கால்மணி நேரம் நடந்தது. நான் விரலால் காற்றில் வட்டம் போட்டேன், அவர் எதிர்வட்டம் போட்டார். டியூஷனுக்குக் கிளம்பிய மகள் ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். குனிந்து சக்கரத்தை முன்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றினாள். "மேல போகுதுப்பா. தலையை மேல வைங்க." செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டாள்.

தலையை மேலே வைத்து, குறட்டால் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினேன். 'டிங்' என்றது. மீன் கையில் இல்லை. என் சட்டைப் பை, பெரியவரின் காபி டம்ளர், துளசி மாடம் என்று எல்லாவற்றிலும் தேடினோம். மகளின் அறிவியல் காந்தத்தை நூலில் கட்டி வாசல் முழுக்கத் தூண்டில் போட்டேன். ஒரு ஊக்கும் இரண்டு குண்டூசியும் சிக்கின. பழைய செயினின் கிளிப்பைப் போடலாம் என்றால், அது தெறித்து விழுந்ததால்தானே இந்தக் கதையே தொடங்கியது!

மனைவியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து புறப்பட்டேன். "இதுல செயின் எங்க இருக்குது?" என்று வழியில் கேட்டாள். இல்லை, பெல்ட் என்றேன். "அப்புறம் எதுக்குங்க எல்லாரும் செயின் வெச்ச வண்டி வாங்கறாங்க?" பதில் யோசிப்பதற்குள் இடம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் திறந்திருந்த கடை ஒன்றே ஒன்றுதான். நான் முந்நூறு ரூபாய் கொடுக்க மறுத்த கடை.

தம்பி என்னைப் பார்த்தான். என் சட்டையை, கட்டைவிரலைச் சுற்றிய துணியை, நெற்றியில் விபூதிக்குப் பதிலாக இருந்த கிரீஸை எல்லாம் பார்த்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. டப்பாவிலிருந்து ஒரு புது லாக் செட்டை எடுத்து, கூடவே இன்னொரு கிளிப்பையும் எடுத்து, காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். "ஒண்ணு பறந்துருச்சுன்னா இன்னொண்ணு இருக்கட்டுங்ணா." காசும் வாங்கவில்லை. காசு வாங்கியிருக்கலாம்.

இரண்டாவது மீன் ஒழுங்காகத் தலை நிமிர்ந்து உட்கார்ந்தது. அடுத்தது தொய்வு. தளர்ந்த செயினால் பட்ட அவமானம் போதும் என்று வீணைத் தந்தி மாதிரி இறுக்கி, விரலால் சுண்டிச் சத்தமும் கேட்டேன். பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார். ஆள் ஏறிக் குதித்துப் போகும்போது பின்சக்கரம் மேலும் கீழும் ஆடும், அப்போது இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடிக் குறையும், தொய்வே இல்லையென்றால் அந்த இழுப்பு கியர்பாக்ஸ் பேரிங்கில் போய் விழும். கீழ்ச் செயினின் நடுவில் விரல் வைத்தால் மேலும் கீழுமாக 25 மில்லிமீட்டர் ஆட வேண்டும். இதை அளக்க மீண்டும் இஞ்சி டேப் கேட்டேன். தரப்படவில்லை. ஒரு அங்குலம் என்று கண்ணாலேயே வைத்தேன். இருபக்கமும் உள்ள அட்ஜஸ்டரில் கோடுகள் இருக்கின்றன, இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நான் இடப்பக்கம் மட்டும் பார்த்து இறுக்கியிருந்தேன். தெருநாய் சில நேரம் பின்னுடம்பை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு ஓடுமே, அந்த அழகில் சக்கரம் நின்றது. அதையும் சரிசெய்தேன்.

மாலை நாலரைக்கு வெள்ளோட்டம். பூஜை அறையிலிருந்து எலுமிச்சம்பழமே வந்துவிட்டது. உதைத்தேன், கிளம்பியது, சத்தமே இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஓடியது. தெருக்கோடி வரை போய்த் திரும்பி, வீட்டு வாசலில் கம்பீரமாக நிறுத்தலாம் என்று பிரேக்கை மிதித்தேன். கால் கீழே போனது. வண்டியும் போனது. பின் பிரேக்குக்குக் கம்பியை மாட்டி அதன் நட்டைப் போட மறந்திருந்தேன். அது என் சட்டைப் பையிலேயே இருந்தது. வாசலில் வரிசையாக நின்ற குடும்பத்தைக் கடந்து, கையசைத்த பெரியவரைக் கடந்து, வீடு கட்டக் கொட்டியிருந்த எம்-சாண்ட் குவியலில் போய் நின்றேன். முன் பிரேக் என்று ஒன்று இருப்பது மணலில் இறங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மனைவி பின்னால் உட்கார இரண்டு வாரம் மறுத்தாள். பிரேக் ஒரு காரணம், கழற்றிய சாரி கார்டை நான் மாட்டாமலே விட்டது இன்னொரு காரணம். பின்னால் உட்காருபவரின் துணி சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்க வேண்டும் என்பது 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதி. விதியை அவள் சொல்லவில்லை, சேலை முந்தானையைக் காட்டினாள். உடனே மாட்டிவிட்டேன்.

வண்டி சத்தமில்லாமல் ஓடத் தொடங்கியதும் வீட்டில் அமைதி போயிற்று. திங்கட்கிழமை சாயங்காலம் உள்ளே நுழைகிறேன், டி.வி. அலறுகிறது, மகள் கையில் செல்போன், அம்மா வாயில் மைசூர்பாகு. மூன்று பேரும் திருடனைப் பார்த்த மாதிரி என்னைப் பார்த்தார்கள். "வர்றதுக்கு முன்னால ஒரு ஹாரனாவது அடிக்கக் கூடாதாப்பா?" என்றாள் மகள். காபியும் இல்லை. பால் இன்னும் ஃபிரிட்ஜில் இருந்தது.

இனிப் பராமரிப்பு. இதைப் பெரியவரும் சொன்னார், தம்பியும் சொன்னான், அப்பாவின் எண்ணெய்த் துணிகளும் சொல்லாமல் சொல்லின. 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். மண்ணெண்ணெயோ டீசலோ தொட்ட பிரஷ்ஷால் புழுதியைக் கழுவித் துடைத்து, 90 நம்பர் ஆயிலைக் கீழ்ச் செயினின் உள்பக்கமாக விட்டுக்கொண்டே சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். ஓடும்போது எண்ணெய் வெளிப்பக்கமாகத் தெறிக்கும், அதனால் உள்ளே விட்டால்தான் கண்ணிக்குள் ஊறும். ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் மிஞ்சியதைத் துடைத்துவிடலாம். கிரீஸை அப்பினால் மண் ஒட்டி உப்புத்தாளாகிவிடும். பெரிய பைக்குகளில் ரப்பர் வளையம் போட்ட செயின் வருகிறது, அதில் பெட்ரோலும் கம்பிப் பிரஷ்ஷும் படவே கூடாது. இன்னொன்று, இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எஞ்சினை ஓடவிட்டுக் கியரில் போட்டுக்கொண்டு எண்ணெய் விடாதீர்கள். செயினுக்கும் பல்லுக்கும் நடுவே போன விரல் திரும்பி வராது.

இவ்வளவு தெரிந்த நான் எத்தனை முறை செய்தேன்? முதல் மாதம் இரண்டு முறை. அப்புறம் மழை, அப்புறம் ஆடிட், அப்புறம் ஒரு கல்யாணம். ஒரு ஞாயிறு முழுக்க வண்டியைப் பிரித்துப் போட்டு, தெருவே பார்க்கப் போராடுவதற்கு எனக்குத் தெம்பு இருக்கிறது. யாரும் பார்க்காமல் பத்து நிமிடம் எண்ணெய் விடத்தான் இல்லை. சமையலறைக் கதவு ஒன்றரை வருடமாகக் கிறீச்சிடுகிறது. அதையே கழற்றிப் புதுக் கதவு போடலாமா என்றுகூட ஒருநாள் யோசித்தேன்.

கணக்கு எழுதுகிறவன் கணக்குக் காட்டாமல் போகக்கூடாது. 18-19 ஸ்பேனர், ஆயில், டீசல், புது இஞ்சி டேப், கரித்துணி இரண்டு, சோப்புத்தூள், முதுகுக்குத் தைலம், எல்லாம் சேர்த்து 780 ரூபாய். மிச்சம் பிடித்த கூலி 300.

இப்போது வண்டி 2,100 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன வாரம் லேசாக ஒரு 'கிறீச்' கேட்க ஆரம்பித்திருக்கிறது. முதலில் கேட்டது மகள்தான், அவள் முகத்தில் ஒரு நம்பிக்கை தெரிகிறது. அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. ஆயில் டப்பா இருக்கிறது, பிரஷ் இருக்கிறது, வரும் ஞாயிறு நானும் இருக்கிறேன். துணிதான் இல்லை. பழைய பனியன் வைத்திருக்கும் வாசகர்கள் யாராவது ஒன்று கொடுத்து உதவலாம். ஓட்டை எத்தனை இருந்தாலும் பரவாயில்லை.